"நாங்கல்லாம் வயக்காட்டுலயே பெத்தோம்!" - ஒரு பிரசவ வரலாறு

1/
போன மாசம் காலை ரவுண்ட்ஸ்ல ஒரு பொண்ணு அழுதுட்டு இருந்தா. தலைப்பிரசவம், முந்தின நாள் ராத்திரி சிசேரியன். குழந்தை நல்லா இருக்கு, அவளும் நல்லா இருக்கா. "ஏம்மா அழற, தையல் வலிக்குதா?"னு கேட்டேன். "இல்ல டாக்டர். என்னால சுகப்பிரசவமா பெத்துக்க முடியல. தோத்துட்டேன்"னு சொன்னா.

2/
வெளிய வந்தா வராண்டாவுல அவளோட அப்பத்தா. "ரெண்டு உசுரும் பொழச்சிருச்சுல்ல டாக்டரம்மா? அது போதும் எனக்கு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பக்கத்துல மாமியார். "நாங்கல்லாம் வயக்காட்டுலயே பெத்தோம். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு வலி தாங்கத் தெம்பில்ல"ன்னாங்க. ஒரே வராண்டாவுல மூணு எதிர்பார்ப்பு. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
இந்த மூணும் எங்கிருந்து வந்துச்சு? இதுல எது சரி? பதில் நம்ம திண்டுக்கல் மண்ணோட வரலாற்றுலயே இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல புள்ளத்தாச்சி இருந்தா அவங்க மட்டும் இல்ல, கணவரும் மாமியாரும் அம்மாவும் சேர்ந்து படிங்க.

4/
நம்ம பக்கத்துப் பழைய சாலைகள்ல போகும்போது சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல் நட்டு, மேல குறுக்கா ஒரு கல். தலைச்சுமையோட நடந்து வர்றவங்க யார் உதவியும் இல்லாம சுமையை இறக்கி வச்சு இளைப்பாறலாம். அது ஏன் அங்க இருக்குன்னு தெரியுமா?

5/
வயித்துப் பிள்ளையோட இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கிற கல் அது. சுமையை இறக்காமலே போய்ட்டா. வழிப்போக்கர்கள் அதுல சுமையை இறக்கி வைக்க வைக்க அவளோட பாரமும் குறையும்ங்கிறது நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்க இந்த வழக்கம் உண்டு. ஒரு சாவுக்குன்னே தனியா ஒரு கல் இருக்குன்னா, அந்தச் சாவு எவ்வளவு சாதாரணமா நடந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

6/
கணக்காவும் பார்ப்போம். 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் பிரசவம் சார்ந்த காரணங்களால் இறப்பதாக மதிப்பிட்டது. 1,000 பிரசவத்துக்கு 20 தாய்மார்கள். அதாவது 50 பிரசவத்துக்கு ஒரு சாவு. ஆறு பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு அந்த ஆபத்து ஆறு தடவை. கூட்டிப் பார்த்தால், அப்படிப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர்.

7/
இப்ப மாமியார் சொன்னதுக்கு வர்றேன். "நாங்கல்லாம் வயக்காட்டுல பெத்தோம்"னு சொல்றவங்க பொய் சொல்லல. ஆனா அதைச் சொல்ல இன்னிக்கு உயிரோட இருக்கிறவங்க யாரு? பிழைச்சவங்க மட்டும்தான். பிழைக்காதவங்க சாட்சி சொல்ல வர முடியாது. அவங்க சார்பா அந்தக் கல்லுதான் ரோட்டோரம் நிக்குது.

8/
மருத்துவச்சிகளைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஊருக்கு ஊர் அவங்கதான் இருந்தாங்க. பல கிராமங்கள்ல நாவிதர் சமூகப் பெண்கள். கூலி நெல்லும் வெத்தலை பாக்கும் சேலையும். அனுபவத்துல நிறைய தெரியும். ஆனா குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி விழாம ரத்தம் கொட்டினாலோ, ஜன்னி கண்டாலோ, வலிப்பு வந்தாலோ அவங்க கையில என்ன இருந்துச்சு? ரத்த வங்கியா, ஆன்டிபயாடிக்கா, ஆபரேஷன் தியேட்டரா?

9/
சரி, டாக்டர் கிட்ட போகலாமே? அன்னிக்கு டாக்டர்னா ஆம்பளைங்க. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ ஒரு இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை, அவருடைய அப்பாதான் டாக்டர். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். அதுதான் பின்னாளில் சிஎம்சி.

10/
நம்ம ஊருக்கும் அப்படி ஒருத்தர் வந்தாங்க. டாக்டர் சௌந்தரம். டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயசுலயே கல்யாணம், சின்ன வயசுலயே விதவை. கணவர் டாக்டர், பிளேக் நோயில் இறந்துபோனார். அதோட முடங்கிப்போற காலம் அது. அவர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டராக வெளியே வந்தார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். விதவை மறுமணம், சாதி கடந்த மணம், ரெண்டுமே அன்னிக்குச் சின்ன விஷயம் இல்ல.

11/
1944-ல் கஸ்தூர்பா இறந்தபின், கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை செய்ய அவர் பெயரில் ஒரு நினைவு நிதி உருவானது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பை சௌந்தரத்திடம் கொடுத்தார் காந்தி. அவர் தேர்ந்தெடுத்த இடம் மதுரையோ சென்னையோ இல்லை. திண்டுக்கல் பக்கத்துல நெசவாளர் ஊரான சின்னாளபட்டி. 1947-ல் காந்திகிராமம் பிறந்தது. மருத்துவம் தொடங்கியது ரெண்டே ரெண்டு படுக்கையோட. அது வளர்ந்ததுதான் 200 படுக்கைகளுக்கு மேல் கொண்ட கஸ்தூர்பா மருத்துவமனை.

12/
1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் எம்எல்ஏ. 1962-ல் திண்டுக்கல் எம்பி, மத்திய கல்வித் துணை அமைச்சர். இவ்வளவையும் தாண்டி நான் அவங்களை நினைக்கிறது அந்த ரெண்டு படுக்கைக்காகத்தான். "பிரசவத்துல செத்தா விதி"ன்னு இருந்த ஊருல, "சாகாமலும் இருக்கலாம்"ங்கிற எதிர்பார்ப்பை அந்தப் படுக்கைகள்தான் கொண்டுவந்துச்சு.

13/
அப்புறம் அரசு. 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிஃப்ட்டுக்கு ஒரு செவிலியர் என மூன்று பேரைப் போட்டு 24 மணி நேரப் பிரசவ வசதி. 2008-ல் 108 ஆம்புலன்ஸ். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. இன்னிக்குத் தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான்.

14/
பலன்? 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் 1 லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறப்பு. 1946 மதிப்பீட்டை அதே அளவுகோலில் சொன்னால் லட்சத்துக்கு 2,000. அது இந்தியா முழுமைக்கு, இது தமிழ்நாட்டுக்கு, அதனால அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் அப்பத்தா ஏன் கையெடுத்துக் கும்பிட்டாங்கன்னு இப்பப் புரியும்.

15/
அப்புறம் ஏன் பேத்தி அழுதா? இங்கதான் வரலாற்றோட ரெண்டாவது பாதி. ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாத்துச்சு. கூடவே ஒரு கடிகாரத்தையும் கொண்டுவந்துச்சு.

16/
1955-ல் நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற டாக்டர், தலைப்பிரசவத்துக்கு வந்த 500 பெண்களின் கர்ப்பப்பை வாய் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு திறக்கிறது என்று வரைபடம் போட்டார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஒரு ஊரு, ஒரு ஆஸ்பத்திரி, 500 பெண்கள். அதிலிருந்து கிளம்பிய "மணிக்கு 1 சென்டிமீட்டர்" என்ற கணக்கு உலகம் முழுக்க லேபர் வார்டு விதியாகிப் போச்சு.

17/
1972-ல் ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தக் கணக்கை வைத்து ஒரு சார்ட் தயாரித்தார்கள். நோக்கம் அருமையானது. தூரத்து கிளினிக்கில் தனியாக இருக்கும் நர்ஸ், கோடு தாண்டினால் தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "எப்ப வண்டி கட்டணும்"னு சொல்ற கோடு அது. காலப்போக்குல, வண்டி கட்டத் தேவையே இல்லாத பெரிய ஆஸ்பத்திரிகள்லயும் "கோடு தாண்டிட்டா, ஏதாவது செய்"னு மாறிடுச்சு.

18/
இன்னொரு பக்கம் வலி ஊசி. ஆக்ஸிடோசின் ஹார்மோனை 1953-ல் ஆய்வகத்தில் தயாரித்தார் அமெரிக்க வேதியியலாளர் து விக்னோ. 1955-ல் நோபல் பரிசு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தி எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றும் மருந்து. ஆனா நம்ம ஊருல அதுக்கு வேற பேரு, வேற வேலை. "சீக்கிரம் வலி ஊசி போட்டு முடிச்சு விடுங்க டாக்டர்." அவசியம் இல்லாமப் போட்டா வலி மிதமிஞ்சும், குழந்தையோட இதயத்துடிப்பு பாதிக்கலாம். அதுவே சிசேரியனுக்கும் வழி வைக்கலாம்.

19/
என் தப்பு ஒண்ணையும் சொல்லிடறேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, 4 சென்டிமீட்டர் திறந்திருந்த ஒரு அம்மாகிட்ட கணக்குப் போட்டு, "இன்னும் ஆறு மணி நேரத்துல பொறந்துரும்"னு நம்பிக்கையாச் சொன்னேன். பதினாலு மணி நேரம் ஆச்சு. சுகமாத்தான் பிறந்துச்சு. ஆனா ஏழாவது மணி நேரத்துல இருந்து அந்தம்மா "எனக்கு என்னமோ ஆயிருச்சு, மறைக்கிறீங்க"ன்னு நடுங்கிட்டே இருந்தாங்க. அவங்களைப் பயமுறுத்துனது வலி இல்ல, நான் கொடுத்த டைம்.

20/
அன்னிக்கு எனக்குத் தெரியாதது 2018-ல் அதிகாரப்பூர்வமாவே வந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் சொன்னது: மணிக்கு 1 செ.மீ. என்பது பல பெண்களுக்குப் பொருந்தாது. தீவிர வலிக் கட்டம் 5 செ.மீ.யில்தான் தொடங்குகிறது. அதிலிருந்து தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை, அடுத்த பிரசவங்களுக்கு 10 மணி நேரம் வரை ஆகலாம். அதற்கு முந்தைய ஆரம்பக் கட்டத்துக்கு நிலையான கால அளவே கிடையாது. தாயும் குழந்தையும் நல்லா இருந்தா, மெதுவா போறது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

21/
இதைப் படிச்சப்ப எனக்கு மருத்துவச்சிகள் ஞாபகம் வந்துச்சு. வலின்னு சொன்னா, சீரகக் கஷாயம் குடுத்துட்டு உட்கார்ந்துக்குவாங்க. அடங்கினா சூட்டு வலி, கூடினா பிள்ளை வலி. கஷாயத்துல மந்திரம் இல்ல, காத்திருக்கிறதுலதான் விஷயம். பொறுமை அவங்ககிட்ட இருந்துச்சு, தியேட்டர் இல்ல. நம்மகிட்ட தியேட்டர் இருக்கு, பொறுமை குறைஞ்சிருச்சு. ரெண்டும் சேர்ந்து இருக்கணும்.

22/
இன்னொண்ணும் அன்னிக்கு இருந்துச்சு: கூட ஒரு ஆள். பக்கத்துல திருச்சி தாயுமானவர் கதை தெரியும்ல? காவிரியில் வெள்ளம். மகளின் பிரசவத்துக்குத் தாயால் வர முடியவில்லை. சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். இன்னிக்கும் அங்க சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் நேர்ந்துக்கிறாங்க. கதையைக் கவனிங்க. அந்தப் பொண்ணுக்கு வந்தது வலி இல்லாத வரம் இல்ல. பக்கத்துல அம்மா.

23/
அறிவியலும் அதையேதான் சொல்லுது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வறிக்கை (2017): பிரசவம் முழுக்கத் துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் கொஞ்சம் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000-களிலேயே பிரசவத் துணைத் திட்டம் வந்துவிட்டது. அட்மிட் ஆகும்போதே "கூட ஒரு ஆள் இருக்கலாமா?"னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை. அந்த ஆள் பயமுறுத்தாத ஆளா இருக்கணும், அவ்வளவுதான்.

24/
இப்ப சிசேரியன். தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 2015-16-ல் 34.1 சதவீதம், 2019-21-ல் 44.9 சதவீதம். தனியாரில் 63.8, அரசில் 36. இந்திய சராசரி 21.5. ஒரு சமூகம் முழுமைக்கும் பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, இது அதிகம். ஒரு டாக்டரா மழுப்பாம ஒத்துக்கிறேன்.

25/
காரணங்கள் பல. காத்திருக்கப் பொறுமை இல்லாத டாக்டர், கேஸ் ஆகிடுமோங்கிற பயம், பில், நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறிச்சுட்டு வர்ற குடும்பம், முதல் சிசேரியனால் வரும் அடுத்த சிசேரியன். இதுக்கு டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் அரசும் குடும்பங்களும் பதில் சொல்லணும். தையல் போட்டுப் படுத்திருக்கிற பொண்ணு சொல்ல வேண்டிய பதில் இல்ல இது. அவளோட வயித்துல குழந்தை துடிப்பு குறைஞ்சதுக்கு அவ தெம்பு என்ன செய்யும்?

26/
சரி, என்னதான் எதிர்பார்க்கலாம்? நான் என் ஓபியில சொல்றதை அப்படியே சொல்றேன்.

டேட்: அது குத்துமதிப்பு. நூத்துல நாலஞ்சு பேருக்குத்தான் அன்னிக்கே பிறக்கும்.

வலி: இருக்கும், அலை அலையா வரும், நடுவுல விடும். கத்தலாம், அழலாம். அதுல அவமானம் எதுவும் இல்ல. வலி குறைக்கும் வழிகள் என்ன இருக்குன்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.

நேரம்: யார்கிட்டயும் மணி கேட்காதீங்க. "நானும் குழந்தையும் இப்ப நல்லா இருக்கோமா?"ன்னு கேளுங்க.

27/
உடம்பு: சிக்கல் எதுவும் இல்லேன்னா நடக்கலாம், உட்காரலாம், தண்ணி குடிக்கலாம், லேசா சாப்பிடலாம்.

திட்டம்: மாறலாம். மாறினா ஏன்னு கேட்கலாம். அவசரத்துலயும் ரெண்டு வரியில காரணம் சொல்ல வேண்டியது டாக்டர் கடமை.

அப்புறம்: சில வாரம் உதிரப்போக்கு இருக்கும். பால் நல்லா ஊற மூணு நாலு நாள் ஆகலாம். காரணமில்லாம அழுகை வரும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலேன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

28/
காத்திருக்கக் கூடாதது எதுன்னும் மனப்பாடம் பண்ணிக்கோங்க: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல். இதுல எது வந்தாலும் சூட்டு வலியா, பிள்ளை வலியான்னு பார்த்துட்டு உட்காராதீங்க. உடனே 108.

29/
அந்தப் பொண்ணுகிட்ட மறுபடி போனேன். "சுகம்னா என்ன அர்த்தம்மா?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கிறது"ன்னா. ஊருக்குக் கடுதாசி போட்ட காலத்துல "சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்"னு எழுதுவாங்க. குழந்தை எந்த வழியா வந்துச்சுங்கிறது முக்கியம் இல்ல, ரெண்டு பேரும் இருக்காங்களாங்கிறதுதான் சேதி. அந்த வார்த்தையை எப்பவோ ஒரு பரீட்சையா மாத்திட்டோம். அப்பத்தாவை உள்ள கூப்பிட்டு அவ பக்கத்துல உட்கார வச்சேன்.

30/
உயிர் பிழைச்சா போதும்னு நின்னுடவும் வேண்டாம். மரியாதையா நடத்தணும், துணை இருக்கணும், காரணம் சொல்லணும், தேவையில்லாமக் கத்தி வைக்கக் கூடாது. இதெல்லாம் தாராளமா எதிர்பாருங்க, கேட்டு வாங்குங்க. நேரத்தையும் வழியையும் மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க.

அடுத்த தடவை ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தா வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திக் குழந்தைகளுக்குக் காட்டுங்க. அது எதுக்கு வச்ச கல்லுன்னு சொல்லுங்க.

இழை முடிந்தது. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன். நிறைமாசமா இருக்கிற எல்லாருக்கும் சுகப்பிரசவம் ஆகட்டும், பழைய அர்த்தத்துல.